கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நடை – 6: பதினான்காம் நாள் மலை

போன வாரம் உத்தமபாளையம் கருப்பணசாமி மலையில், பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரர்களைப் பார்த்தோம். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயரை வட்டெழுத்தில் தாங்கி நிற்கும் பாறை அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத் துறவிகளும் வணிகர்களும் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இளங்கோவடிகளையும் சமணத் துறவி என்று கொள்வது நம் மரபு. அவர் காப்பியமான சிலப்பதிகாரத்தின் நாயகி கண்ணகி மதுரையை விட்டு நடந்த நடை எங்கே முடிந்தது என்ற கேள்விக்கு இந்த வாரம் போகிறோம்.

உத்தமபாளையத்திலிருந்து கம்பம், கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் முப்பது கிலோமீட்டருக்குள்தான். அங்கே மலையை ஒட்டியிருக்கிற சிற்றூர் பளியன்குடி. ஊர்ப்பெயரே சொல்வதுபோல் பளியர் பழங்குடியினர் வாழும் ஊர். அங்கிருந்து ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு காட்டுப்பாதை மேலே ஏறுகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,337 மீட்டர் உயரத்தில், வண்ணாத்திப்பாறைக் காட்டின் உச்சியில், தமிழ்நாடும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில், இடிந்த கருங்கல் கட்டடங்கள் நிற்கின்றன. மங்கலதேவி கண்ணகி கோயில். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று, அதுவும் பகலில் மட்டும், பாதை திறக்கும். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடிப் பேசி நேரம் குறிப்பார்கள். காலையில் விடுவார்கள், பொழுது சாய்வதற்குள் கடைசி ஆள்வரை இறக்கிவிடுவார்கள்.

மலையேறிப் போகவேண்டிய இடிபாடு என்றதும், பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் இருக்கும் சோக்கெகிராவ் என்ற இன்கா இடிபாடு நினைவுக்கு வருகிறது. நல்ல சாலை இன்னும் எட்டாத இடம். கச்சோரா என்ற ஊரிலிருந்து கிளம்பி, அபுரிமாக் ஆற்றுப் பள்ளத்துக்குள் ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறங்கி, எதிர்ச்சரிவில் அதே அளவு ஏற வேண்டும். போய்த் திரும்ப நான்கைந்து நாள் ஆகும். உலகெங்குமிருந்து ஆட்கள் முதுகுப்பையோடு அங்கே போகிறார்கள். நம் மலைக்கு அந்தத் தூரம் இல்லை. திடமான ஆள் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஆனால் இதன் உண்மையான பயணம் பளியன்குடியில் தொடங்கவில்லை. அது மதுரையின் மேற்கு வாயிலில் தொடங்குகிறது.

காப்பியம் சொல்வது இது. கணவன் கோவலனோடு கிழக்கு வாயில் வழியாக மதுரைக்குள் வந்தவள், எரிந்துகொண்டிருந்த நகரத்தின் மேற்கு வாயில் வழியாகத் தனியே வெளியேறினாள். பதினான்கு நாள் கழிந்தால் கோவலனைக் காண்பாய் என்று மதுராபதித் தெய்வம் சொல்லியிருந்தது. வைகைக் கரையைப் பிடித்துக்கொண்டு, இரவென்றும் பகலென்றும் பாராமல், பள்ளத்தில் விழுந்தும் மேட்டில் ஏறியும் நடந்தாள். கடைசியில் நெடுவேள்குன்றத்தில் ஏறி ஒரு வேங்கை மர நிழலில் நின்றாள். பதினான்காம் நாள் விண்ணுலக ஊர்தி வந்தது. கண்ணால் பார்த்த மலைக்குறவர்கள் சேரன் செங்குட்டுவனிடம் போய்ச் சொன்னார்கள். இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, கனக விசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்து அவன் கோயில் எடுத்தான். இலங்கைக் கயவாகு மன்னனும் அந்த விழாவுக்கு வந்திருந்தான். இன்றும் மட்டக்களப்புப் பக்கம் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மனுக்கு வைகாசிச் சடங்கு நடப்பதும், சிங்களவர் பத்தினித் தெய்வமாக அவளை வணங்குவதும் இந்தக் கதையின் நீட்சிதான்.

உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய பிறகு எத்தனையோ பேர் இந்த வரிகளைப் படித்தார்கள். அவற்றை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு நடந்தே பார்த்துவிடுவது என்று இறங்கியவர் தஞ்சை கரந்தையைச் சேர்ந்த பேராசிரியர் சி.கோவிந்தராசனார். பூம்புகாரில் தொடங்கி, காவிரிக் கரை, திருவரங்கம், மதுரை என்று காப்பியம் போகும் வழியெல்லாம் போய், பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 1963இல் இந்த மலைக்கோயிலே கண்ணகி கோயில் என்று அறிவித்தார். அவர் எழுதிய ‘கண்ணகியார் அடிச்சுவட்டில்’ நூல் அந்தத் தேடலின் பதிவு. கோயிலைப் பளியர்களும், மலைக்கு வேலைக்குப் போகிறவர்களும் முன்பே அறிந்திருந்தார்கள், கும்பிட்டும் வந்தார்கள். ஒரு நூலின் வரியையும் ஒரு மலையின் கல்லையும் தன் கால்களால் இணைத்துக் காட்டியது அவர் செய்த காரியம். தமிழ் ஆய்வுலகம் அவருக்கு உரிய மரியாதையைச் செய்யவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

வியப்பு என்னவென்றால், ஏறத்தாழ அதே நேரத்தில் பெருவிலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. ஸ்பானியருக்குப் பணியாமல் 1572வரை தாக்குப்பிடித்த இன்காக்களின் கடைசித் தலைநகர் வில்கபம்பா. 1911இல் ஹைராம் பிங்காம் பழைய ஸ்பானியக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தேடிப் போனார். வழியில் மெல்ச்சோர் அர்ட்டியாகா என்ற உள்ளூர் விவசாயி காட்டிக்கொடுத்த மச்சு பிச்சுவையே பிறகு வில்கபம்பா என்று முடிவு கட்டினார். அதே ஆண்டு எஸ்பிரித்து பம்பா என்ற காட்டுக்குள்ளும் அவர் போயிருந்தார். அங்கே கண்ட சில கட்டடங்களை அவர் பெரிதாக நினைக்கவில்லை. 1964இல் ஜீன் சவோய் அதே காட்டுக்குள் மேலும் ஊடுருவி, புதர் மூடிய பெருநகரைக் கண்டு, இதுவே வில்கபம்பா என்றார். இன்கா ஊரில் இருக்கக் காரணமில்லாத ஸ்பானிய பாணிக் கூரை ஓடுகள் அங்கே கிடந்தன. ஸ்பானியரோடு பழகிய பிறகு எழுந்த நகரம் அது என்று அந்த ஓடுகள் சொல்லின. பழைய ஏட்டையும் நிலத்தையும் ஒத்துப்பார்த்த பின்னாள் ஆய்வாளர்களும் அதையே உறுதி செய்தார்கள்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படியான அப்படி ஓர் ஓடு நம் மலையில் கிடைக்கவில்லை. நெடுவேள்குன்றம் எது என்பதில் பழைய உரைகாரர்களே ஒத்துப்போகவில்லை. அரும்பதவுரைகாரர் திருச்செங்கோடு என்றார். அடியார்க்குநல்லார் அதை மறுத்து, கொடுங்கோளூருக்குப் பக்கத்துச் செங்குன்று என்றார். கொடுங்கல்லூர் பகவதி கோயிலே செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கோட்டம் என்று நம்புகிறவர்கள் கேரளத்தில் நிறையப் பேர்.

ஆனாலும் ஆற்றங்கரையில் நின்று யோசித்தால் கோவிந்தராசனார் பக்கமே மனம் சாய்கிறது. மதுரையிலிருந்து வைகையை எதிர்த்து மேற்கே வந்தால், இன்றைய வைகை அணைக்கு மேலே, ஆறு இரண்டாகப் பிரிகிறது. இடது கை வைகையின் தாய்க்கிளை. அது வருசநாட்டு மலைக்குள் தெற்கே போகிறது. வலது கை முல்லையாறும் சுருளியாறும் சேர்ந்து வருவது. அது தேனி, உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கின் நடுவாக ஏறி, சேர நாட்டுக்குப் போகும் கணவாயின் அடியில் கொண்டுபோய் விடுகிறது. மேற்கே மலை ஏறிச் சேர நாட்டுக் குறவர்கள் கண்ணில் படவேண்டிய ஒருத்தி எந்தக் கையைப் பிடித்திருப்பாள்? சாலைக் கணக்கில் மதுரையிலிருந்து லோயர் கேம்ப் 130 கிலோமீட்டர் போல வரும். ஆற்றின் வளைவுகளைக் கூட்டினாலும், பதினான்கு நாளுக்கு வகுத்தால் நாளுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேலே. சோறு தண்ணீர் மறந்து, துக்கத்தோடு நடக்கிறவளுக்கு இயல்பான வேகம். இது நிரூபணம் ஆகாது. ஆனால் வைகைக் கரையே இல்லாத திருச்செங்கோட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவே வராது.

சித்ரா பௌர்ணமிக்கு முன்பே பளியன்குடியில் மூங்கில் நட்டுக் கொடியேற்றிவிடுகிறார்கள். அன்று விடியுமுன்பே பாதையில் கூட்டம் தொடங்கிவிடும். அடிவாரத்தில் முள்ளும் புதருமான வறட்டுக் காடு; அதற்கு மேலே மூங்கில்; அப்புறம் நிழலே இல்லாத ஏற்றம். சித்திரை வெயிலில் அந்தப் பகுதிதான் ஆளைச் சோதிக்கும். கூடலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், ஏலத்தோட்ட வேலைக்குப் போய்ப் பழகிய கால்கள், தலையில் பொங்கல் சாமானோடு என்னைத் தாண்டிப் போனார். “மெல்ல ஏறுங்க தம்பி. ஆத்தா எங்க போயிறப் போறா” என்றார். உச்சிக்கு நெருங்கினால் மரங்கள் விலகி, இடுப்புயரப் புல்வெளி வருகிறது. யானையும் காட்டுமாடும் புழங்கும் இடம். திரும்பிப் பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிகிறது: நெல் வயல், தென்னை, திராட்சைப் பந்தல், சுருளி மலை. மறுபுறம் பெரியாறு புலிகள் காப்பகத்தின் அடர்ந்த காடு. கேரளத்துக் குமுளியிலிருந்து அந்தக் காட்டு வழியாகவே ஜீப்புகள் மண்பாதையில் வரிசையாக ஏறி வருகின்றன. அன்று மலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வழியில்தான் வருகிறார்கள்.

மேலே தனித்தனியாகச் சில சன்னதிகள். மங்கலதேவி, சிவன், விநாயகர், கருப்பசாமி. கண்ணகி சன்னதியில் தமிழ்நாட்டு முறையில் பூசை. இன்னொரு புறம் கேரளத் தந்திரிகள் தங்கள் முறையில் செய்கிறார்கள். இரண்டு வரிசைகளிலும் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அது ஒரு வேற்றுமையாகவே தெரிவதில்லை. பெண்களுக்கு வளையலும் குங்குமமும் மஞ்சள் கயிறும் கொடுக்கிறார்கள். தாலி இழந்து ஊரையே எரித்தவளிடம் மங்கல நாண் வாங்கிக்கொள்ள மலை ஏறி வருகிறார்கள் என்பது என்னை ஒவ்வொரு முறையும் அசைக்கிறது. தன் மங்கலத்தை இழந்தவளே மற்றவர்களின் மங்கலத்துக்குக் காவல் என்று இந்த மக்கள் முடிவு செய்திருக்கிறார்கள். எந்த உரையாசிரியரும் இதைவிட ஆழமாக அந்தக் காப்பியத்துக்கு உரை எழுதவில்லை.

சன்னதிகளைச் சுற்றிக் கல்லைப் பாருங்கள். பாண்டியர் பாணியில் செதுக்கிய பெரிய கருங்கல் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. பல இடங்களில் அடுக்குக் குலைந்துவிட்டது. இணைப்புகள் விலகி, அந்த இடைவெளிகளில் புல்லும் வேரும் இறங்கியிருக்கின்றன. மேற்கூரை போய், மதில் சரிந்து, எழுத்து வெட்டிய கற்கள் மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் முகடு இது. ஆண்டின் மீதி நாட்களில் இந்தக் கற்களை யார் பார்க்கிறார்கள்?

எல்லைத் தகராறு பல பத்தாண்டுப் பழமையானது. கோயில் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது என்பது நம் அரசின் நிலை. கேரளம் அதை ஏற்பதில்லை. முன்பெல்லாம் விழா பல நாள் நடந்தது என்று கூடலூரில் பெரியவர்கள் சொல்வார்கள். அது சுருங்கிச் சுருங்கி ஒரு பகலுக்கு வந்து நிற்கிறது. அந்த ஒரு பகலில் ஆயிரமாயிரம் பேர் ஏறி, இடிந்த கற்களின் மேலேயே உட்கார்ந்து, ஏறி நின்று, இறங்கிவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் பூட்டு, ஒரு நாள் மட்டும் நெரிசல் என்ற இந்த ஏற்பாடு கோயிலுக்கும் கேடு, காட்டுக்கும் கேடு என்பது என் உறுதியான எண்ணம்.

இன்கா பாதையில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாம். மச்சு பிச்சுவுக்குப் போகும் பழைய நடைபாதையில் நாளுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. சுமைதூக்கிகளும் வழிகாட்டிகளும் அந்தக் கணக்கில் அடக்கம். பிப்ரவரி மாதம் முழுக்கப் பாதையைச் செப்பனிட மூடிவிடுகிறார்கள். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் போக முடியாது. புலிகள் காப்பகம் தொட்டுக்கிடக்கும் நம் மலைக்கு 500 மிக அதிகம். மழையில்லாத மாதங்களில், வாரத்தில் ஓரிரு நாள், இருபது முப்பது பேர், முன்னே ஒரு பளியரும் பின்னே ஒரு வனக்காவலரும் நடக்க, காலையில் ஏறி மாலைக்குள் இறங்கினால் யானைக்கும் தொந்தரவில்லை, கல்லுக்கும் சேதமில்லை. எந்த நேரத்தில் யானை எந்தச் சரிவில் நிற்கும், எந்த ஊற்றில் தண்ணீர் இருக்கும் என்பதைப் பளியன்குடிக்காரர்களைவிட அறிந்தவர்கள் யார்? அவர்களுக்கு அது ஆண்டு முழுவதுக்குமான வேலை. சித்ரா பௌர்ணமி இப்போதுபோலவே இருக்கட்டும். அது மக்கள் நாள்.

அதற்கும் முன்பே செய்ய வேண்டியது கற்களைக் காப்பது. விழுந்து கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் எண்ணிட்டு, படமெடுத்து, கிடக்கும் இடத்தைக் குறித்து, எழுத்து உள்ளவற்றை மசிப்படி எடுத்து வைக்க வேண்டும். எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது முடிவாகும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நாள் விழாவுக்காக இரண்டு மாவட்ட ஆட்சியர்கள் ஆண்டுதோறும் ஒரே மேசையில் உட்கார முடிகிறது. இரண்டு மாநிலத் தொல்லியல் துறைகளும் அதே மேசைக்கு வரட்டும். தமிழ்நாட்டுக் கல்வெட்டாளர் ஒருவரும் கேரளக் கட்டடக்கலை அறிஞர் ஒருவரும் ஒரு கோடை முழுவதும் அந்த முகட்டில் தங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இறங்கும்போது கவனித்தேன்: லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மேலே மலைச்சரிவில் நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் நேராகக் கீழே இறங்குகின்றன. மேற்கே ஓடவேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக 1895 முதல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்துகொண்டிருக்கிறது. கண்ணகி எதிர்த்து ஏறிய அதே ஆற்றில், அவள் காலத்தில் இல்லாத தண்ணீர். அடுத்த வாரம் அந்தத் தண்ணீரோடு கீழே இறங்கி, கூடலூர் வயல்கள்வரை போவோம்.