பெரும் பரங்கியைக் காத்தல்

தஞ்சைப் பக்கத்தார் பரங்கி என்றும் கொங்கு நாட்டார் அரசாணி என்றும் வழங்கும் காயைக் கன்னடத்தார் சிஹி கும்பள என்பர். இதற்கு நெருங்கிய உறவினமான ஒன்றை எடைக்காகவே வளர்த்துப் போட்டியிடும் வழக்கம் மேலை நாடுகளில் உண்டு. 2023ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே நகரில் வென்ற காயின் எடை 1,247 கிலோ! ஆயினும், உட்குழி வரை ஒரு துளையோ வெடிப்போ இருப்பின், எத்துணைப் பெரிய காயும் அங்கே தள்ளப்படும்.

பெங்களூருவில் வீட்டுக் கொல்லையில் பத்துக் கிலோ காய் ஒன்றை விரும்புவோருக்கும் கவலை இதுவே. மூன்று மாத உழைப்பை ஓர் ஈ அழித்துவிடும். பெண் பழ ஈ, பிஞ்சின் மெல்லிய தோலைக் குத்தி உள்ளே முட்டையிடுகிறது. குத்திய இடத்தில் பிசின் போன்ற நீர் கசியும். சில நாட்களில் புழுக்கள் சதையைத் தின்ன, காய் அழுகும். பிறகு மருந்து தெளித்துப் பயனில்லை. ஆதலின், காலையில் பெண் பூவுக்கு மகரந்தம் சேர்த்தவுடனேயே பிஞ்சை மெல்லிய துணிப்பையால் மூடுக. காய் பருக்கப் பருக்கப் பையைத் தளர்த்தி, தோல் முற்றியபின் நீக்கலாம். கடைகளில் விற்கும் கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களையே பிடிக்கும். அதை மட்டும் நம்பியிருத்தல் போதாது. புழு விழுந்த காயைக் குப்பையில் எறிவோர் பலர். அப்புழுக்கள் மண்ணிற் புகுந்து மீண்டும் ஈக்களாய் எழுமாதலால், அக்காயை ஆழப் புதைத்தலே முறை.

ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அர்கா சூர்யமுகி என்ற வகை, பழ ஈயைத் தாங்கி நிற்பது. ஆனால் அதன் காய் ஏறத்தாழ ஒரு கிலோவே. பெருமைக்கு வளர்ப்போர் மனம் அதில் நிறையாது.

அடுத்த பகை மழை. வாடிய கொடிக்குத் திடீரென நீர் மிகுந்தால் சதை விரைந்து பருத்துத் தோல் வெடிக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இங்கு மழை மிகுதி. அதற்கு முன்னரே சீராக நீர் பாய்ச்சிவருதல் நன்று. காயின் அடியில் மணலோ உலர்ந்த வைக்கோலோ பரப்பினால் ஈரம் தங்கி அழுகாது. காய் பருக்கையில் கொடியை இழுத்துக் காம்பை முறித்துவிடுவதும் உண்டு. காய் சிறிதாயிருக்கும்போதே கொடியைக் காம்பினின்று விலக்கி வளைத்துவிடுக.

இலையில் வெண்பொடி படிந்தால் அது சாம்பல் நோய். கந்தகத் தூளை நீரில் கரைத்துத் தெளிப்பர். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். இலை சுருங்கித் தேமல் படர்ந்த கொடிக்கோ மருந்தில்லை. அதைப் பிடுங்கிவிடுவதே மற்றக் கொடிகளுக்குக் காவல்.

காம்பு உலர்ந்தபின், நான்கு விரற்கடை விட்டு அறுக்கவும். தூக்கும்போது காம்பைப் பற்றலாகாது. அது ஒடிந்த இடத்திலேயே அழுகல் தொடங்கும்.