கரிக்குள்ளேயே இருக்கும் வினையூக்கி

நிலக்கரிக் கட்டியை உடைத்தால் சில சமயம் உள்ளே பொன்னிறத்தில் மினுமினுக்கும். அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அனல்மின் நிலையத்தில் இது வேண்டாத சரக்கு. எரிந்தால் கந்தக டை ஆக்சைடாகிக் காற்றைக் கெடுக்கும். கரியை எரிக்காமல் எண்ணெயாக்க நினைப்பவருக்கோ இதே பைரைட் கைகொடுக்கிறது.

பெட்ரோலில் ஒரு கார்பன் அணுவுக்கு ஏறக்குறைய இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. நிலக்கரியில் பெரும்பாலும் ஒன்றுகூடத் தேறாது. அந்தக் குறையை நிரப்பும் முறைக்கு 1913-இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் பெர்கியுஸ். கரியைப் பொடித்து, எண்ணெயில் குழைத்து, 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்த வேண்டும். உயர் அழுத்த வேதியியலுக்காக 1931-இல் கார்ல் போஷுடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

அந்தச் சூட்டில் கரியின் பெரிய மூலக்கூறுகள் துண்டு துண்டாக உடைகின்றன. உடைந்த முனைக்கு உடனே ஹைட்ரஜன் கிடைக்காவிட்டால் துண்டுகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டி, எதற்கும் கரையாத கோக்காக இறுகிவிடும். வாயுவாக இருக்கும் ஹைட்ரஜன் அவ்வளவு எளிதில் வினைபுரியாது. குழைத்த எண்ணெய்தான் முதலில் தன்னிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. கொடுத்து வறண்ட எண்ணெய்க்கு மீண்டும் ஹைட்ரஜன் ஏற்றுவதே கனிமத்தின் முக்கிய வேலை.

உண்மையில் வேலை செய்வது பைரைட் அல்ல. உலைக்குள் அது கந்தகத்தில் ஒரு பகுதியை இழந்து பைரோட்டைட்டாக மாறுகிறது. இதன் பரப்பில்தான் ஹைட்ரஜன் மூலக்கூறு பிளந்து வினைக்குத் தயாராகிறது. பிரிந்த கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகி, அதுவும் தன் பங்குக்கு உதவுகிறது. இரும்பு ஆக்சைடைப் போட்டாலும், கூடவே கந்தகம் இருந்தால், கடைசியில் கிடைப்பது பைரோட்டைட்தான். அலுமினா ஆலைக் கழிவான செஞ்சேற்றை ஜெர்மானியர் இப்படித்தான் பயன்படுத்தினார்கள்.

கோபால்ட், மாலிப்டினம் இன்னும் வேகமானவை, விலையும் அதிகம். கரியின் சாம்பலும் தாரும் படிந்தால் அவை சீக்கிரமே செயலிழக்கும். இரும்புக் கனிமமோ மலிவு, சாம்பலோடு சேர்த்துக் கொட்டிவிடலாம். ஜப்பானின் நெடால் முறையில் பைரைட்டை மிக நுண்ணிய பொடியாக அரைத்துச் சேர்த்தார்கள். பொடி நுணுக நுணுகப் பரப்பு கூடும். அமெரிக்காவின் எஸ்.ஆர்.சி.-2 முறையில் வினையூக்கி என்று தனியாக எதுவும் சேர்க்கவில்லை. கனிமம் கலந்த கசடில் ஒரு பகுதியையே திரும்ப உலைக்கு அனுப்பினார்கள். பைரைட் குறைந்த கரியில் இந்த முறை சோபிக்கவில்லை.

எல்லாக் கனிமமும் இப்படி உதவாது. பழுப்பு நிலக்கரியில் உள்ள கால்சியம், கார்பனேட்டாகி உலைச் சுவரில் படியும். அதைச் சுரண்டி எடுப்பது தனி வேலை.