மைசூரு நீதிமன்றக் குண்டுவெடிப்பு: வெறுப்பு இயக்கங்களை அமைப்பவர்களால் விளையும் கேடு என்ன?

மைசூரு: நகரின் வணிகப் பகுதியான தேவராஜ மொஹல்லாவிலிருந்து சிறிது தொலைவில் உள்ள நீதிமன்ற வளாகத்தின் பொதுக் கழிப்பறையில், 2016 ஆகஸ்ட் 1 அன்று குண்டு வெடித்தது. உயிரிழப்பு நேரவில்லை. எனினும், அதன் பின்னணி பற்றிய விசாரணை மதுரை வரை நீண்டது.

குழு உருவானது எப்படி?

தேசிய புலனாய்வு முகமையின் விசாரணைப்படி, அல்-காய்தாவின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட சிலர் 2015-இல் ‘பேஸ் மூவ்மென்ட்’ என்ற குழுவை அமைத்தனர். ‘அல்-காய்தா’ என்ற அரபுச் சொல்லுக்கு ‘அடித்தளம்’ என்று பொருள். அதன் ஆங்கில வடிவமே இக்குழுவின் பெயரானது.

2016-ஆம் ஆண்டில் மட்டும் சித்தூர், கொல்லம், மைசூரு, நெல்லூர், மலப்புரம் ஆகிய ஐந்து இடங்களில் குண்டுகள் வெடித்தன. அனைத்தும் நீதிமன்ற அல்லது ஆட்சியர் அலுவலக வளாகங்களே. அந்த ஆண்டு நவம்பரில் குழுவினர் கைது செய்யப்பட்டனர். மைசூரு வழக்கில், 2021 அக்டோபரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் மூவருக்குத் தண்டனை விதித்தது. அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகள் சிறை. கொல்லம் வழக்கில், 2024 நவம்பரில் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பாதிக்கப்படுவோர் யார்?

நீதிமன்றத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அன்றாடம் வருவோர் சாமானிய மக்கள். நிலத் தகராறு, ஜீவனாம்சம், ஓய்வூதியம் எனத் தீர்வு தேடி வரும் இடமே அவர்களுக்கு அச்சம் தரும் இடமாகிறது.

அடுத்த பாதிப்பு, எந்தச் சமூகத்தின் பெயரால் இக்குழுக்கள் பேசுகின்றனவோ அந்தச் சமூகத்துக்கே நேர்கிறது. சிலர் செய்த குற்றத்துக்காகத் தொடர்பற்ற குடும்பங்கள் சந்தேகப் பார்வையைச் சுமக்க நேரிடுகிறது. அந்தச் சந்தேகமே எதிர்த்தரப்பு வெறுப்பு அமைப்பாளர்களுக்குப் பிரசாரப் பொருளாகிறது. இவ்வாறு ஒரு தரப்பின் வெறுப்பு மற்றொரு தரப்பை வளர்க்கிறது.

மூன்றாவது, குழுவில் சேர்க்கப்படும் இளைஞர்களின் வாழ்க்கை. உண்மையான ஒரு மனக்குறையைச் சுட்டிக்காட்டி, ஒரு பகைவரை அடையாளம் காட்டி, பின்னர் வன்முறையே வழி என நம்பவைப்பது அமைப்பாளர்களின் பொதுவான முறை. அதன் முடிவு சிறை.

ஒரே மதத்துக்கு உரியதா?

இல்லை. 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூருவில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்துத்துவத் தீவிரப் போக்குடைய குழுவினர் மீது சிறப்புப் புலனாய்வுக் குழு குற்றம் சாட்டியது. மைசூருவில் வசிக்கும் எழுத்தாளர் கே.எஸ். பகவானைக் கொல்லவும் திட்டமிடப்பட்டதாகக் காவல்துறை 2018-இல் தெரிவித்தது. கௌரி லங்கேஷ் வழக்கின் சாட்சி விசாரணை 2022-இல் தொடங்கியது.

சட்டம் கூறுவது என்ன?

மதம், இனம், மொழி முதலியவற்றின் அடிப்படையில் பகைமையைத் தூண்டுவோருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். வழிபாட்டு இடத்தில் இக்குற்றம் நிகழ்ந்தால் 5 ஆண்டுகள் வரை விதிக்கலாம். வெறுப்புப் பேச்சு குறித்துப் புகார் வராவிட்டாலும், பேசியவரின் மதத்தைப் பாராமல் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அனைத்து மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

குண்டு வெடித்த பின் குற்றவாளிகளைத் தண்டிக்க மைசூரு வழக்கில் ஐந்து ஆண்டுகள் ஆயின. கொல்லம் வழக்கில் எட்டு ஆண்டுகள். வெறுப்பு பேச்சாக இருக்கும் நிலையிலேயே சட்டம் செயல்படுவதன் தேவையை இந்தக் கால இடைவெளி உணர்த்துகிறது.