பழைய பிக்கப்: அன்று உழைப்பாளி, இன்று செல்லப்பிள்ளை

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்புறத்தில் ஓர் இரும்புத் தொட்டியைப் பொருத்தி, 281 டாலர் விலையில் விற்பனைக்கு விட்டது. அதற்கு முன் அமெரிக்க விவசாயிகள் காரை வாங்கி, பின்பக்கத்தை அறுத்தெடுத்துவிட்டு, தாங்களே மரப்பெட்டி அடித்துப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். தோட்டத்திலிருந்து சந்தைக்குக் காய்கறி போக வேண்டும், சந்தையிலிருந்து தீவன மூட்டை வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் குடும்பம் தேவாலயத்துக்கும் போக வேண்டும். பிக்கப் பிறந்தது இந்தத் தேவையில்தான். நம் ஊரில் இன்று 'குட்டி யானை' செய்கிற வேலையை அங்கே அன்று அதுதான் செய்தது.

நூறாண்டு கழித்து இரண்டு மாற்றங்கள் ஒருசேர நடந்திருக்கின்றன. புதிய பிக்கப் வசதியான குடும்பக் காராகிவிட்டது. பழைய பிக்கப்போ சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருளாகிவிட்டது. இந்தப் பழைய வண்டிகளைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. யாரும் கண்டபடி அறுத்து ஒட்டாமல், துரு தின்னாமல் நம் கைக்கு வந்து சேர்ந்த ஒரு பிக்கப்பைப் புத்தம் புதிதாக்கவும் கூடாது, கொட்டகையில் பூட்டி வைக்கவும் கூடாது. சாமான் ஏற்றி ஓட்ட வேண்டும். ஏன் என்று சொல்ல, அது எப்படி உருவான வண்டி என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலைக்கென்றே பிறந்தது

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 தொடக்கத்தில், அமெரிக்காவில் பொதுமக்களுக்கான வாகன உற்பத்தி நின்றுபோனது. தொழிற்சாலைகள் ராணுவத்துக்கு வேலை செய்தன. போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவர்களுக்கு வண்டி தேவைப்பட்டது. 1947 கோடையில் செவர்லே தன் 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையைக் கொண்டுவந்தது. அதில் அரை டன் வண்டியின் பெயர் 3100. 1948 தொடக்கத்தில் ஃபோர்டின் எஃப்-1 வந்தது. இன்றுவரை தொடரும் எஃப் வரிசைக்கு அதுதான் முதல் தலைமுறை. டாட்ஜ், ஸ்டூடிபேக்கர், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆகியவையும் களத்தில் இருந்தன. ஆனாலும் 1955 வரை விற்பனையில் முதலிடம் செவர்லேக்குத்தான்.

பழைய பிக்கப் என்றதும் பலருடைய மனத்தில் வரும் உருவமே 3100-தான். உருண்ட மட்கார்டுகள், முகத்தில் ஐந்து கிடைமட்டப் பட்டைகள், மூன்று பேர் நெருங்கி உட்காரக்கூடிய ஒரே நீள இருக்கை. பின்தொட்டியின் தளம் மரப்பலகை. பலகைகளுக்கு இடையே எஃகுப் பட்டைகள் ஓடும், மூட்டையும் பெட்டியும் வழுக்கிக்கொண்டு உள்ளே போக. பலகை உடைந்தால் உள்ளூர்த் தச்சரே மாற்றிவிடலாம். பானெட்டைத் திறந்தால் ஆறு சிலிண்டர் இன்ஜின், 3.5 லிட்டர், 90 குதிரைத்திறன். இன்ஜினைச் சுற்றி ஏராளமான காலி இடம். கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்த விவசாயியும் பாயிண்ட் தேய்த்து, பிளக் துடைத்து, ஐட்லிங் சரிசெய்துகொள்வார். அவரை மனத்தில் வைத்தே அந்த வண்டியைக் கட்டியிருக்கிறார்கள்.

கையும் காலும் காதும்

இந்த வண்டியைக் கிளப்புவதே ஒரு தனிச் செயல். சாவியைத் திருப்பினால் எதுவும் நடக்காது. முதலில் சோக் குமிழை இழுக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தரையில் இருக்கும் ஸ்டார்ட்டர் மிதியைக் காலால் அழுத்த வேண்டும். 6 வோல்ட் பேட்டரி இன்ஜினைச் சோம்பலாகச் சுழற்றும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சூடேற ஏற, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பதை இன்ஜின் சத்தம்தான் சொல்லும்.

ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி, மூன்று கியர்கள். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, ஆகவே வண்டி நின்ற பிறகே அதைப் போட வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லை. அதற்காகத்தான் அவ்வளவு பெரிய வட்டத்தை வைத்திருக்கிறார்கள். வைப்பர் ஓடுவது மின்சாரத்தில் அல்ல, இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவிசையில். மழையில் மேடேறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அந்த இழுவிசை குறையும், வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். ஒரு கணம் காலைத் தளர்த்தினால் துடைத்துவிட்டுப் போகும். அக்கால ஓட்டுநர்கள் யோசிக்காமலே இதைச் செய்தார்கள்.

வேகத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. சுமை இழுப்பதற்காகப் பின் அச்சின் பல் விகிதத்தை 4.11 என்று வைத்தார்கள். அதனால் மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் வண்டி நிம்மதியாக ஓடும். அதற்கு மேல் போனால் இன்ஜின் அலறும். அந்த இன்ஜினில் கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெய் போவது பெரும்பாலும் வாரியிறைத்துத்தான். நீண்ட நேரம் விரட்டினால் பேரிங் தாங்காது. கிராமத்துச் சாலைக்கு அது போதுமானதாக இருந்தது.

இடையில் நடந்தது

மாற்றத்தின் முதல் அடையாளம் 1955-லேயே தெரிந்தது. செவர்லே அந்த ஆண்டு 'கேமியோ கேரியர்' என்று ஒரு பிக்கப்பை இறக்கியது. பின்தொட்டியின் பக்கங்கள் கண்ணாடியிழையில், கார் போல வழவழவென்று இருந்தன. எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினும் கிடைத்தது. வேலைக்குப் போகாத பிக்கப் என்ற எண்ணம் அங்கே முளைத்தது.

1964 தொடக்கத்தில், கோழி இறைச்சி தொடர்பாக ஐரோப்பாவுடன் நடந்த வணிகச் சண்டையின் விளைவாக, இறக்குமதியாகும் சிறு சரக்கு வண்டிகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தது. அந்த வரி இன்றும் நீங்கவில்லை. வெளிநாட்டுச் சிறு பிக்கப்புகளின் போட்டி குறைந்ததால் உள்நாட்டு வண்டிகள் பெருத்துக்கொண்டே போக வழி கிடைத்தது. 1973-74-ல் இருக்கைக்குப் பின்னால் கூடுதல் இடம் வைத்த கேபின்களை டாட்ஜும் ஃபோர்டும் கொண்டுவந்தன. 1975-ல் ஃபோர்டு எஃப்-150 வந்தது. எடை கூடிய பிரிவில் அதைச் சேர்த்ததால், அன்றைய புகைக் கட்டுப்பாட்டு விதிகளில் சில அதற்குப் பொருந்தவில்லை. 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக் ஃபோர்டின் எஃப் வரிசைதான்.

இன்றைய எஃப்-150 பெரும்பாலும் நான்கு கதவும் ஐந்து இருக்கையும் கொண்டது. 2015 முதல் அதன் உடல் அலுமினியம். 3.5 லிட்டர் டர்போ இன்ஜின் 400 குதிரைத்திறன் தருகிறது. ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள 3100-ன் இன்ஜினைப்போல நான்கு மடங்குக்கும் மேல். வண்டியின் நீளம் 19 அடியைத் தாண்டுகிறது. 3100 சுமார் 16 அடிதான். ஆனால் 3100-ன் தொட்டி ஆறரை அடி, இன்று தெருவில் அதிகம் காணும் நான்கு கதவு வண்டியின் தொட்டி ஐந்தரை அடி. வண்டி மூன்றடி வளர்ந்திருக்கிறது, சுமை வைக்கும் இடம் ஓரடி சுருங்கியிருக்கிறது. பழைய வண்டியில் பக்கத்தில் நின்றபடியே கையை நீட்டித் தொட்டிக்குள் கிடக்கும் மண்வெட்டியை எடுத்துவிடலாம். இன்று அதற்கு ஏறிப் போக வேண்டும்.

இந்த மாற்றத்தை நான் குறை மட்டும் சொல்ல மாட்டேன். 3100-ல் சீட் பெல்ட் இல்லை. பிரேக் நான்கும் டிரம், ஒரே ஆயில் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போகும். 1949 முதல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. குழந்தையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டால் ஏர்பேக் உள்ள புதிய வண்டியைத்தான் சொல்வேன். இழந்தது வேறு: தன் வண்டியைத் தானே புரிந்துகொண்டு, தானே சரிசெய்யும் உரிமை.

வாங்கப் போகிறீர்களா?

ஒருகாலத்தில் பழைய பிக்கப்புக்கு மதிப்பே கிடையாது. ஓடும்வரை ஓட்டி, நின்ற இடத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். காரைப் பளபளப்பாக வைத்துக்கொண்டவர்கள்கூடப் பிக்கப்பில் சாணியும் சிமென்டும் ஏற்றினார்கள். நல்ல நிலையிலுள்ள பிக்கப் கார்களைவிட அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இன்று நன்றாகப் பராமரித்த 3100-க்கு ஒரு புதிய காரின் விலையைச் சொல்கிறார்கள். கேபினின் பின்மூலைகளில் கூடுதலாக இரண்டு வளைந்த கண்ணாடிகள் உள்ள வகைக்கு இன்னும் கிராக்கி அதிகம்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல, இரும்பை. இன்ஜினைப் பிரித்து மாட்டலாம், துருவோடு போராடுவது கடினம். மிச்சிகன், ஒஹையோ போன்ற பனி மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு வண்டியை அடியிலிருந்து அரிக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட மாநிலத்து வண்டியில் பெயின்ட் வெளுத்திருக்கும், இருக்கை வெடித்திருக்கும், ஆனால் இரும்பு கெட்டியாக இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் தூரத்தைப் பார்க்காதீர்கள்.

கையில் ஒரு சிறு காந்தமும் டார்ச் விளக்கும் போதும். கேபினின் கீழ்மூலைகள், கதவுக்கு அடியிலுள்ள படிப்பெட்டி, மட்கார்டின் உட்புறம் ஆகியவற்றில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் விழுந்தால் பெயின்டுக்குக் கீழே இருப்பது பட்டி. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கூரை ஓரத்து மழைநீர்ப் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸில் வெல்டிங் வைத்த தடயம் இருக்கிறதா என்று தேடுங்கள். மின்னும் புதுப் பெயின்டைக் கண்டு மயங்காதீர்கள். மங்கிப்போன, அசல் பெயின்ட் உள்ள வண்டி தன் உடம்பை ஒளிக்காமல் காட்டுகிறது.

ஆவணத்தையும் அதே கவனத்தோடு பாருங்கள். 17 இலக்க வாகன எண் அமெரிக்காவில் 1981-ல்தான் கட்டாயமானது. 1950-கள் வரை சில மாநிலங்கள் இன்ஜின் எண்ணை வைத்தே உரிமைச் சான்று கொடுத்தன. பின்னாளில் இன்ஜின் மாறியிருந்தால் சான்றும் வண்டியும் பொருந்தாது. பணம் கைமாறுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வைத்துக்கொண்டு வாழ்வது

வீட்டுக்கு வந்ததும் முதல் செலவு பிரேக்குக்கு. ரப்பர் குழாய்கள், சக்கர சிலிண்டர்கள், ஆயில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். பழைய ரப்பர் பார்க்க நன்றாக இருந்துகொண்டே வெடிக்கும். அமெரிக்க பெட்ரோலில் இப்போது பெரும்பாலும் பத்து சதவீத எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் குழாயையும் பம்ப்பின் சவ்வையும் கெடுக்கும், அவற்றையும் புதிய வகைக்கு மாற்றிவிடுங்கள். உதிரிபாகத்துக்குக் கவலையில்லை. இந்த வண்டிகளுக்கென்றே தடித்த பட்டியல் போட்டு, கதவு ரப்பரிலிருந்து தொட்டிப் பலகை வரை விற்கும் கடைகள் அங்கே இருக்கின்றன.

பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றத்தை நான் எதிர்க்க மாட்டேன். சீட் பெல்ட் போடுங்கள், இரட்டைச் சுற்று பிரேக் வையுங்கள். கழற்றிய அசல் பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள், பெட்டியில் போட்டு வையுங்கள். ஆனால் கதவில் ஏதோ ஒரு பண்ணையின் பெயர் பாதி அழிந்து நிற்கிறதென்றால் அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். தொட்டியில் பால் கேன்கள் உரசிய தழும்பைத் தேய்க்காதீர்கள். புதிய பெயின்டை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், எழுபது ஆண்டு உழைப்பின் தடத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அதன் பிறகு ஓட்டுங்கள். நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பழைய கிராமத்துச் சாலையைப் பிடியுங்கள். அது இந்த வண்டிக்காகவே போட்ட சாலை. நாற்றுப் பண்ணைக்குப் போய் இரண்டு மரக்கன்று ஏற்றி வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கட்டில் மாற்ற உதவி கேட்டால் சாவியை எடுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் சீல்கள் காயும், பெட்ரோல் கெடும், பிரேக் சிலிண்டர் இறுகும். ஓடும் வண்டிக்கு இந்த நோய்கள் குறைவு.

2025-ல் அமெரிக்காவில் ஒரு புதிய நிறுவனம் அறிமுகப்படுத்திய சிறிய மின்சார பிக்கப்பில் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும், ரேடியோவும் கிடையாது. எளிமைக்கு இன்னும் ஆள் இருக்கிறது என்று தயாரிப்பாளர்களுக்கே தெரிந்துவிட்டது. அந்த எளிமையை முழு அளவில் காட்டும் வண்டிகள் எண்ணிக்கையில் இனிக் கூடப்போவதில்லை, குறையத்தான் போகின்றன. ஒன்று உங்கள் கைக்கு வந்தால் அதன் அடுத்த காவலர் நீங்கள். நன்றாக வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறையாவது வேலை கொடுங்கள், அடுத்தவரிடம் ஓடும் நிலையில் ஒப்படையுங்கள்.