மறைக்கல்விச் சங்கத்தின் பின்கட்டில்

சீஸ் டப்பா! நம்புவீர்களோ மாட்டீர்களோ, நான் சொல்லப்போகும் கதை அதிலிருந்துதான் கிளம்புகிறது. 1714-15. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியவை. அந்த எழுத்திலேயே புத்தகம் முழுக்கக் கோத்தால் கையிருப்புக் காகிதம் போதாது. சின்ன எழுத்து வார்த்தாக வேண்டும், அதற்கு ஈயம் வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டனிலிருந்து வந்த செஷயர் சீஸ் டப்பாக்களின் ஈய உறை இருக்கிறதே! அதை உருக்கினார்கள். தமிழ் எழுத்து பிறந்தது. இந்தத் தகவலை முதன்முதலில் படித்த நாளில் நான் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சீஸை அனுப்பியவர்கள் யார்? எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். 1698-இல் தாமஸ் பிரே என்ற பாதிரியாரும் அவருடைய நண்பர்கள் நான்கு பேரும் லண்டனில் கூடித் தொடங்கியது. புத்தகம் போடுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, சமயக் கல்வியை ஏழை வீட்டுக்கும் கொண்டுபோவது ஆகியவைதான் அவர்கள் வேலை. மூன்றே வருடத்தில், 1701-இல், அதே பிரே அரச சாசனம் வாங்கி இன்னொரு சங்கத்தையும் தொடங்கிவிட்டார். அதுதான் எஸ்.பி.ஜி. கடல் கடந்த நாடுகளுக்கு ஆள் அனுப்புவது அதன் பொறுப்பு.

இந்தச் சங்கங்களின் வரலாற்றை எடுத்தால் முன்கட்டில் பேராயர்களும் பிரபுக்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பின்கட்டில்தான் ஆசை. புகையும் ஈரமும் பேச்சும் அங்கேதான்!

தரங்கம்பாடி அச்சு இயந்திரம் இந்தியா வந்த கதையையே பாருங்கள். 1711-இல் எஸ்.பி.சி.கே. அதை யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சருடன் கப்பலேற்றியது. வழியில் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவழியாக மீண்டு வரும்போது ஃபிங்க் காய்ச்சலில் இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712-இல் சென்னையில் வந்து இறங்கியது. ஓட்டத்தான் ஆளில்லை. தரங்கம்பாடியின் டேனியக் கோட்டைச் சிப்பாய்களைத் துழாவிப் பார்த்தால் அச்சுவேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார்! துப்பாக்கியை வைத்துவிட்டு அவர் அச்சுக்கூடத்துக்கு வந்தார்.

எஸ்.பி.ஜி.யின் முத்திரையையும் ஒரு நிமிடம் பாருங்கள். கப்பல் ஒன்று வருகிறது. அதன் முனையில் கையில் திறந்த புத்தகத்தோடு ஆங்கிலேயப் பாதிரியார் நிற்கிறார். கரையில் கைநீட்டி நிற்கும் உள்ளூர்க்காரர்கள். "வந்து எங்களுக்கு உதவுங்கள்" என்ற பொருளில் லத்தீன் வாசகம். 1820-களில் எஸ்.பி.சி.கே.யின் தென்னிந்திய மிஷன்கள் எஸ்.பி.ஜி. கைக்கு வந்தபோது இந்த முத்திரையும் நம் ஊருக்கு வந்தது. சாயர்புரத்தில் ஜி.யு. போப், இடையன்குடியில் கால்டுவெல் இருவரும் எஸ்.பி.ஜி. ஆட்கள்தான். தமிழ் இலக்கியமும் திராவிட மொழியியலும் படித்தவர்கள் ஏதோ ஒரு வகையில் இந்தச் சங்கத்தின் வாசலைத் தாண்டி வந்தவர்களே.

ஆனால் அதே முத்திரைப் படம் வங்கக் கடலில் ஒரு தீவில் தலைகீழாக மாறியது. அங்கே கப்பலிலிருந்து இறங்கியவர் ஆங்கிலேயர் அல்ல, தமிழர்!

அந்தத் தீவு கார் நிக்கோபார். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர். 127 சதுர கிலோமீட்டர் பரப்பு. மலையில்லாத தட்டையான பவளத் தீவு. கரையெல்லாம் தென்னை. இன்றைக்கும் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்காமல் வெளியாள் காலெடுத்து வைக்க முடியாது.

நிக்கோபாருக்கும் தரங்கம்பாடிக்கும் உள்ள உறவு அந்தத் தமிழர் வருவதற்கு வெகுமுன்பே தொடங்கியது. 1756-இல் டேனியர் இந்தத் தீவுகளுக்கு உரிமை கொண்டாடியதே தரங்கம்பாடியிலிருந்து கப்பல் அனுப்பித்தான். 1768-இல் மொரேவிய சகோதரர்கள் நான்கவுரித் தீவில் மிஷன் தொடங்கினார்கள். அவர்களுக்கும் தரங்கம்பாடிதான் தாய்வீடு. காய்ச்சல் அவர்களை விடவில்லை. 11 பேர் நான்கவுரி மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள், திரும்பி வந்த 13 பேர் தரங்கம்பாடியில் கண்மூடினார்கள். 1787-இல் மூட்டை கட்டினார்கள். அங்கே வாழ்ந்த ஹென்சல் பிற்பாடு எழுதிய கடிதங்கள் 1812-இல் புத்தகமாயின. மனத்தைப் பிசையும் புத்தகம் அது.

1869-இல் நிக்கோபார் ஆங்கிலேயர் வசமானது. கமோர்ட்டாவில் கைதிக் குடியிருப்பு அமைத்தார்கள். அங்கே அதிகாரியாக இருந்த ரோப்ஸ்டார்ஃப் என்ற டேனியர் நான்கவுரி மொழிக்கு அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார். 1883-இல் ஒரு ஹவில்தார் அவரைச் சுட்டுக் கொன்றான். அகராதி நின்றுவிட்டதா? இல்லை! அடுத்த வருடமே அவர் மனைவி அதை அச்சில் கொண்டுவந்துவிட்டார்.

இனி நம் நாயகர். வேதப்பன் சாலமன். சென்னை மாகாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர், உபதேசியார். நம் கிராமச் சபைகளில் பாதிரியார் மாதம் ஒருமுறை வந்துபோவார். ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருவது, நோயாளி வீட்டுக்கு நடப்பது எல்லாம் உபதேசியார்தான். பட்டமும் அங்கியும் இல்லாதவர். போர்ட் பிளேரில் இருந்த அவரை 1890-களின் நடுவில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு அனுப்பினார்கள். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் அவர். அரசாங்க ஏஜெண்டும் அவரே. வானிலைக் குறிப்பு எழுதுவதும் அவரே. வந்துபோகும் வணிகக் கப்பல்களைக் கவனிப்பதும் அவரே. மணி அடித்துவிட்டு மழைமானியைப் பார்க்க ஓடும் மனிதரை நினைத்துப் பாருங்களேன்!

அவர் போய் இறங்கிய ஊரின் கோலாகலம் தனி. தூண்கள் மேல் நிற்கும் தேன்கூடு வடிவ வீடுகள். கடற்கரையோரம் எல்பனம் என்ற பொதுத் திடல், ஊர்க்கூட்டம், விருந்து, நடனம் எல்லாம் அங்கே. இறந்தோருக்கான பெரிய பன்றி விருந்து. படகுப் போட்டி. தேங்காய் வாங்க வரும் கப்பல் தலைவர்கள் விளையாட்டாகச் சூட்டிய பெயர்களைத் தலைவர்கள் பெருமையோடு வைத்திருந்தார்கள். "இங்கிலாந்தின் நண்பன்" என்றுகூட ஒருவருக்குப் பெயர்! கப்பல்காரர்கள் எழுதிக்கொடுத்த நற்சான்றுத் தாள்களைப் பத்திரமாக மடித்து வைத்துப் புதிதாக வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவார்கள்.

சாலமன் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. நாட்குறிப்பு எழுதினார். எந்த ஊரில் என்ன சடங்கு, எந்த வீட்டில் சாவு, பேயோட்டும் வேலை எப்படி நடந்தது, எந்தக் கப்பல் வந்தது, யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தீவினை செய்கிறவன் என்று ஊர் சந்தேகிப்பவனைக் கொன்றுவிடும் கொடிய வழக்கமும் அப்போது அங்கே இருந்தது. அதையும் மறைக்காமல் பதிந்தார். அந்தமான் தலைமை ஆணையர் ரிச்சர்ட் டெம்பிள் நாட்டுப்புற வழக்காறுகளில் பித்துக் கொண்டவர். அவர் கையில் இந்தக் குறிப்புகள் போய்ச் சேர்ந்தன. 1902-இல் லண்டன் மானிடவியல் கழகத்தின் ஆய்விதழில், 32-ஆம் தொகுதியில், "கார் நிக்கோபாரில் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து சில பகுதிகள்" என்று அச்சேறின. ஆசிரியர்: வி. சாலமன். ஒரு தமிழ் உபதேசியார் லண்டன் அறிஞர் சபையின் இதழில்! அவர் பெயரிலேயே!

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய சங்கங்களின் அறிவு லண்டன் கூட்ட அறையில் விளைந்தது அல்ல. மூஸ் கடற்கரையில் மழையளவு குறித்துக்கொண்டே பக்கத்து வீட்டு ஒப்பாரிக்குக் காது கொடுத்த ஒரு மனிதரிடம் விளைந்தது. சங்கம் செலவுக்குப் பணம் கொடுத்தது, கப்பல் கொடுத்தது. மொழியையும் நம்பிக்கையையும் கொடுத்தவர் சாலமன்.

அவருடைய பள்ளிக்கூடத்தில் ஒரு பையன். 1884-இல் மூஸில் பிறந்த ஹா செவ் கா. படிப்பில் சூட்டிகை. ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயர் பெற்றான். அவனை மேற்படிப்புக்கு அனுப்பியது சென்னைக்கு அல்ல, கல்கத்தாவுக்கும் அல்ல. பர்மாவின் மண்டலைக்கு! ஏனென்றால் அந்தமான் நிக்கோபார் அந்நாளில் ரங்கூன் பேராயரின் ஆளுகையில் இருந்தது. மண்டலையில் எஸ்.பி.ஜி.க்கு அருமையான தொடக்கம் வாய்த்திருந்தது. பௌத்தரான மிண்டோன் மன்னர் தம் செலவிலேயே டாக்டர் மார்க்ஸ் என்ற எஸ்.பி.ஜி. பாதிரியாருக்குப் பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டித்தந்தவர். பிள்ளைகளை யானை மேல், தங்கக் குடை பிடித்து அங்கே படிக்க அனுப்பினார். பின்னாளில் கடைசி மன்னரான தீபாவும் அவர்களில் ஒருவர். அந்த மிஷனின் பிற்காலப் பள்ளியில்தான் நிக்கோபார்ப் பையன் படித்தான்.

1912-இல் ஊர் திரும்பியவர் மூட்டையில் என்னவெல்லாம் கொண்டுவந்தார்? வாத்தியார் வேலைக்கான படிப்பு, வேதப் பயிற்சி, அதோடு கால்பந்தாட்டம்! இன்றும் நிக்கோபாரிகளின் கால்பந்துப் பித்து பிரசித்தம். அதற்குப் பிள்ளையார்சுழி போட்டவர் ரிச்சர்ட்சன்தான். வேதபாடமும் பந்தும் ஒரே வாத்தியாரிடம் கிடைத்தால் எந்தப் பிள்ளை பள்ளிக்கு வராமல் இருக்கும்?

அடுத்த காட்சி மேசையில். பர்மாவில் பணியாற்றிய ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற பாதிரியார் கார் நிக்கோபார் மொழியைப் படிக்க உட்கார்ந்தார். பக்கத்தில் ரிச்சர்ட்சன். மோன், கெமர், காசி மொழிகளின் உறவான ஆஸ்ட்ரோ-ஆசிய மொழி அது. எழுத்து இல்லாத மொழிக்கு ரோமன் எழுத்தைப் பொருத்த வேண்டும், ஒவ்வொரு உயிரொலியையும் பிரித்துக் கேட்க வேண்டும். நிக்கோபாரில் இறந்தவரின் பெயரை உச்சரிக்கக்கூடாது என்ற விலக்கு உண்டு. ஒருவருக்கு அன்றாடப் பொருளின் பெயர் இருந்து அவர் இறந்துபோனால் அந்தச் சொல்லையே மக்கள் கைவிட்டு வேறு சொல்லைப் புழங்குவார்கள் என்று ரோப்ஸ்டார்ஃப் முன்பே குறித்திருக்கிறார். அகராதி செய்கிறவன் நிலைமையை யோசியுங்கள். நிக்கோபாரைப் பற்றிய ஒயிட்ஹெட்டின் நூல் 1924-இல் லண்டனில் வந்தது. கார் நிக்கோபார் அகராதி 1925-இல் ரங்கூனில் வந்தது, அதுவும் அமெரிக்கன் பாப்டிஸ்ட் மிஷன் அச்சகத்தில். ஆங்கிலிக்கரின் அகராதியை பாப்டிஸ்டுகள் அச்சிட்டுத் தந்த இந்தச் சேதி எனக்கு ரொம்பப் பிடித்தது.

ரிச்சர்ட்சனுக்கு 1934-இல் குருப்பட்டம். வயது ஐம்பது.

1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். இந்த இடத்தில் என் உற்சாகம் அடங்கிவிடுகிறது. ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில் நிக்கோபாரிகள் பலர் சித்திரவதைக்கு ஆளானார்கள், கொல்லப்பட்டார்கள். ரிச்சர்ட்சனின் சொந்தக் குடும்பத்திலும் உயிர்கள் போயின. அவரும் கைதானார். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததால் பிழைத்தார்.

அதன்பின் நடந்ததுதான் அதிசயம். போருக்கு முன்பு கிறிஸ்தவர்கள் சிறு கூட்டம். போருக்குப் பிறகு தீவில் ஏறக்குறைய எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். கரையேறி வந்த மிஷனரி யாரும் அதைச் செய்யவில்லை. கூடவே இருந்து அடிபட்ட சொந்த ஊர்க்காரரைப் பார்த்து ஊர் அவர் பின்னால் போனது. 1950-இல் கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். அதே வருடம் கார் நிக்கோபார் மொழியில் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது, மொழிபெயர்ப்பில் அவர் உழைப்பு. 1952-இல் இன்னொரு திருப்பம்! முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினராக அவர் டெல்லிக்குப் போனார். தூண்வீட்டில் பிறந்தவர், சாலமன் வாத்தியாரிடம் அகரம் படித்தவர், நேருவின் அவையில்!

1965-இல் பத்மஸ்ரீ. 1966-இல் அந்தமான் நிக்கோபார் தனிப் பேராயம் ஆனபோது முதல் பேராயர் அவரே, வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 1969-இல் முழு வேதாகமமும் அம்மொழியில் வந்துவிட்டது. 1975-இல் பத்மபூஷண். 1978-இல் மறைந்தார். கார் நிக்கோபாரின் அரசு மருத்துவமனை இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது. சாலமன் பெயரைத் தெரிந்த தமிழர்கள்தான் குறைவு, அது எனக்கு உறுத்துகிறது.

இந்தப் பின்கட்டை நீங்களும் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் வழி சொல்கிறேன். எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில், எஸ்.பி.சி.கே. ஆவணங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நிக்கோபாரைத் தேடும்போது ரங்கூன் மறைமாவட்டக் கட்டுகளையும் விடாமல் பிரித்துப் பாருங்கள், தீவின் சபை நிர்வாகம் அப்போது அங்கிருந்துதான். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு 1902-ஆம் ஆண்டின் அந்த 32-ஆம் தொகுதி போதும். சாலமனின் நாட்குறிப்பை முதலில் படித்துவிட்டு, பிறகு ஒயிட்ஹெட்டின் 1924 நூலுக்குப் போங்கள். அந்த வரிசையில் படித்தால் யார் யாரிடம் கற்றார்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் விளங்கும்.