அடுப்படியில் கிடைத்த அமைதி

சமையல் வேலை என்றால் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால், சுமார் 15 ஆண்டுகள் அவர் செய்த வேலை அதுதான்!

அவர் பெயர் லாரன்ஸ். 17-ம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டின் தலைநகரான பாரீசில் வாழ்ந்தவர். கார்மேல் சபை என்ற கத்தோலிக்க மடத்தில் துறவியாக இருந்தார். அவர் குருப் பட்டம் பெற்றவர் அல்ல. மடத்து வேலைகளைச் செய்யும் எளிய சகோதரர்.

மொட்டை மரம்

அவருடைய சொந்தப் பெயர் நிகோலா எர்மன். ஏழைக் குடும்பம். பட்டாளத்தில் இருந்தபோது காயம் பட்டு, ஒரு கால் ஊனமாயிற்று. பிறகு ஒரு பணக்காரர் வீட்டில் வேலைக்காரர் ஆனார். கைபட்ட சாமானை எல்லாம் உடைத்தார்!

18 வயதில், குளிர் காலத்தில், இலை உதிர்ந்த மரம் ஒன்றைப் பார்த்தார். "இது மறுபடியும் துளிர்க்குமே! பூக்குமே! காய்க்குமே!" என்று எண்ணினார். கடவுளின் கருணை அவர் மனதில் பதிந்தது.

1640-ல் மடத்தில் சேர்ந்தார்.

நான்கு ஆண்டு நடுக்கம்

மடத்தில் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஜெபத்துக்கு நேரம், தியானத்துக்கு முறை, நோன்புக்கு நாள். ஆனாலும் லாரன்சுக்கு நிம்மதி இல்லை. தமக்கு நரகம்தான் என்று நான்கு ஆண்டுகள் நடுங்கினார். யார் சொல்லியும் பயம் போகவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். நரகமோ மோட்சமோ, அது ஆண்டவர் பாடு. தம் வேலை அவரிடம் அன்பு செலுத்துவது மட்டுமே என்று துணிந்தார். பயம் மெல்ல விலகியது.

தாம் ஒரு குற்றவாளி, ஆண்டவர் அரசர். ஆனால், அந்த அரசர் தண்டிக்கவில்லை. தம் பந்தியிலேயே உட்கார வைத்துச் சோறு போடுகிறார். இப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டார்.

பீப்பாய் மேல் உருண்டார்

அதன் பிறகு, அடுப்படியும் கோவிலும் அவருக்கு ஒன்றாயின. ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதும் ஆண்டவருக்காகவே! வேலை தொடங்கும்போது, "துணை செய்யும்" என்று கேட்பார். முடிந்ததும் நன்றி சொல்வார். தவறு செய்தால், ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். பிறகு அதையே நினைத்து வருந்திக்கொண்டு இருக்கமாட்டார்.

ஒரு முறை, மடத்துக்குத் திராட்சை மது வாங்கப் படகில் அனுப்பினார்கள். ஊனக் காலோடு நடக்க முடியவில்லை. பீப்பாய்கள் மேல் உருண்டு உருண்டு போனார்! ஆனாலும் கவலைப்படவில்லை. இது ஆண்டவருடைய வேலை, அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தார். காரியம் நன்றாகவே முடிந்தது.

மடத்து விதிகளை அவர் மீறவில்லை. ஜெப நேரத்தில் ஜெபத்துக்குப் போனார். ஆனால், அன்பு இல்லாமல் உடலை வருத்துவதால் பயன் இல்லை என்றார்.

1691-ல் லாரன்ஸ் காலமானார். அவருடைய கடிதங்கள் அடுத்த ஆண்டே புத்தகமாக வெளிவந்தன. இன்றும் பல நாடுகளில் படிக்கிறார்கள்.

ஜெபம் செய்ய நேரம் இல்லையே என்று ஏங்கும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு லாரன்சின் வாழ்க்கை ஓர் ஆறுதல். சட்டி கழுவும் கையும், கும்பிடும் கையும் ஒரே கைதானே!