மலைச் சைக்கிளுக்கு மட்கார்ட்

இலங்கையின் எல்ல ஊரில் வெளிநாட்டு ஆட்களுக்கு வாடகைக்கு ஓடித் தேய்ந்த மவுண்டன் பைக்குகள் கடைசியில் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்குத்தான் வந்து சேருகின்றன. தடித்த டயர், துள்ளும் முன் ஃபோர்க், டிஸ்க் பிரேக் எல்லாம் இருக்கும். மட்கார்ட் மட்டும் இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் யாருக்கும் அது குறையாகத் தெரியாது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேல் காற்று இங்கே காய்ந்து வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். ஐப்பசி பிறந்தால் கதை வேறு. பின்னேரம் இடியும் மழையும், தோட்டத்து ரோட்டில் செம்மண் குழம்பு. மறுநாள் என் சைக்கிள் கடை வாசலில் ஒரு தம்பி முதுகைத் திருப்பிக் காட்டுவான். வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து இடுப்பு வரை சிவப்புக் கோடு. “அம்மா ஏசுறாங்க அண்ணே, ஏதாவது செஞ்சு குடுங்க.”

2022இல் பெற்றோல் வரிசை நீண்டு, கியூஆர் அட்டைக்குத்தான் எண்ணெய் என்று ஆனபோது டீச்சர்மாரும் சைக்கிளுக்கு வந்தார்கள். மட்கார்ட் பூட்டுவது எனக்குத் தொழிலாகவே மாறியது அப்போதுதான்.

மவுண்டன் பைக்கின் பிறப்பே மட்கார்டைக் கழற்றியதில்தான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களின் மட்கார்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு மலைப்பாதையில் இறங்கு பந்தயம் விட்டார்கள். 1976இல் தொடங்கிய ‘ரீபேக்’ பந்தயம் பிரசித்தம். பிரேக் சூட்டில் ஹப்பின் கிறீஸ் உருகிப் புகைந்துபோகும், மறுபடி அடைத்தால்தான் அடுத்த ஓட்டம், அதனால் அந்தப் பெயர். பிறகு வந்த கம்பனிகளில் பல மட்கார்ட் மாட்டும் ஓட்டையைக்கூட வைக்கவில்லை. நம் தாத்தாமார் ஓட்டிய ராலே சைக்கிளில் அதெல்லாம் கேட்காமலே இருந்தது.

மட்கார்ட் கேட்டு வரும் சைக்கிளில் முதலில் ஓட்டை தேடுவேன். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழே இரண்டு குழாயை இணைக்கும் குறுக்குத் துண்டிலும் கெரியர் பூட்டுவதற்கென்று சிலதில் இருக்கும். இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ஹார்ட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய் பிடிக்கும் கிளிப் வாங்கி, உள்ளே பழைய டியூப் துண்டு வைத்து இறுக்கலாம். போல்ட் உள்பக்கம் நீட்டக் கூடாது, சின்னப் பல்சக்கரத்தில் ஓடும் செயின் அதில் உரசும். மட்கார்டைத் தாங்கும் கம்பியின் வழியை டிஸ்க் பிரேக் மறித்தால் ஒரு சின்னக் குழாய்த் துண்டை இடையில் கொடுத்து நீள போல்ட் போடுவேன்.

அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2.1 அங்குல டயர் என்றால் 53 மில்லிமீற்றர். பழைய சைக்கிளின் ஒல்லி மட்கார்ட் அதை மூடாது, 28 அங்குலச் சக்கரத்தின் வளைவு 26க்குப் பொருந்தவும் செய்யாது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே பெருவிரல் நுழைய இடம் வேண்டும். ஒட்டிப் பூட்டினால் பார்வைக்கு அழகுதான். ஆனால் நம் செம்மண் டயரில் ஏறி, அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும்.

முன்பக்கம் இன்னும் கவனம். துள்ளும் ஃபோர்க்கில் மேல் பாதி சட்டகத்தோடு நிற்கும், கீழ் பாதி சக்கரத்தோடு ஏறி இறங்கும். மட்கார்டை மேல் பாதியில் கட்டினால் பள்ளத்தில் விழும்போது சக்கரம் 80, 100 மில்லிமீற்றர் எழும்பி அதில் மோதும். கீழ் கால்கள் இரண்டையும் இணைக்கும் வளைவில்தான் கட்ட வேண்டும். எண்ணெய்க் கேனை வெட்டி, நாலு ஓட்டை போட்டு, கேபிள் டையால் கட்டினால் போதும். இன்னொரு துண்டைச் சட்டகத்தின் கீழ்க்குழாயில் கட்டினால் முன்சக்கரம் அள்ளி வீசும் சேறு காலிலும் பெடல் அச்சிலும் படுவது குறையும்.

அச்சு வரை கம்பி இழுத்த நீள முன் மட்கார்டை நான் பூட்டிக் கொடுப்பதில்லை. தேயிலை கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சி ரோடெல்லாம் கிடக்கும். ஒன்று சக்கரத்தோடு சுற்றி மட்கார்டுக்குள் சிக்கினால் தகடு மடிந்து சக்கரம் இறுகும், ஆள் ஹேண்டிலுக்கு மேலால் பறப்பான். ஐரோப்பாவில் செய்யும் நல்ல மட்கார்டுகளில் அப்படி இழுபட்டால் கம்பி தானாகக் கழன்றுகொள்ள ஒரு பிளாஸ்டிக் பிடி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிடி இல்லாமல் வெல்லவாய இறக்கத்தில் போகிறவனை வைத்துப் பரீட்சித்துப் பார்க்க நான் தயாரில்லை.

சீட் கம்பியில் மட்டும் மாட்டும் வால் மட்கார்ட் முதுகைக் காக்கும். அது ஆடும், செயினைக் காக்காது. அவசரக்காரருக்கு அது போதும்.

மழைக்காலம் முடிந்ததும் “ஸ்டைல் போயிருச்சு அண்ணே” என்று கழற்றச் சொல்லி வருவார்கள். கழற்றிக் கொடுத்துவிடுவேன். போல்ட்டுகளை மட்டும் திரும்ப அதே ஓட்டையில் முடுக்கி அனுப்புவேன், வெறுமனே விட்டால் மண் ஏறி மரை கெட்டுப்போகும்.